எட்டு வீட்டு விரிசல்

கொன்னைத்துறையில் கால்பந்து மைதானத்தை ஒட்டி, ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவராக, ஒரே ஓட்டமாய் நிற்கிற எட்டு வீடுகளில் முதல் வீட்டின் அடுக்களையில் அந்த விரிசல் விழுந்தபோது, அது எல்லா விரிசலையும் போலத்தான் இருந்தது. ஜன்னல் மூலையில் பிறந்து, தலைமுடி அகலத்தில் சாய்வாக இறங்கி, கேஸ் அடுப்புக்கு ஒரு சாண் மேலே வந்து, மேற்கொண்டு போகலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் நின்றுவிட்டது. கடல் எடுத்துக்கொண்டு போன வீடுகளுக்குப் பதிலாக அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீடுகள் அவை. கட்டினவன் ஆற்றுமணலுக்குப் பதில் கடல்மணலைக் குழைத்துக் கட்டிவிட்டுப் போனான் என்பது பெரியவர்களுக்குத் தெரியும், சுவரை நக்கினால் உப்புக் கரிக்கும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும், ஆகவே அங்கே விரிசலைப் பற்றி யாரும் பேச்செடுப்பதில்லை.

ஆழ்கடல் படகுக்குப் போகிற அன்று காலையில் ததேயுஸ் அந்த விரிசலை விரலால் தடவிப் பார்த்தான். அரை மூட்டை சிமெண்டும் ஒரு சாந்துக்கரண்டியும் வாங்கி வைத்திருந்தான், ஆனால் அதற்குள் படகுக்காரர்கள் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். நீ தொடாதே, நான் வந்து பூசுகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, கைக்குழந்தை பெர்னாவின் உள்ளங்காலில் ஒரு முத்தம் வைத்துவிட்டு, கடலிலேயே தங்கி மீன்பிடிக்கிற ஒரு மாதத் தங்கலுக்குப் போனான். அவன் வந்து செய்வதாகச் சொன்ன வேலைகள் அந்த வீட்டில் இன்னும் இருந்தன: குளியலறைத் தாழ்ப்பாள், சொட்டுகிற குழாய், மூன்றாம் எண்ணில் வைத்தால் மட்டும் முனகுகிற மின்விசிறி. எல்லாம் அவனுக்காகக் காத்துக்கிடந்தன, பிரிஸ்காவும் காத்துக்கிடந்தாள்.

பிரிஸ்கா பயந்த சுபாவம். கடல் கண்ணுக்கே தெரியாத ஒரு ஊரில், கன்னியர் நடத்திய விடுதிப் பள்ளியில் வளர்ந்தவள். அங்கே சிஸ்டர்மார் அவளுக்கு நாலு குரலில் பாடவும், நேர்க்கோட்டில் தையல் போடவும், சத்தம் வராமல் கதவைச் சாத்தவும் கற்றுக்கொடுத்திருந்தார்கள். கொன்னைத்துறையிலோ எல்லாரும் அலையை மீறிப் பேசிப் பழகினவர்கள், நல்ல சமாச்சாரத்தையும் சண்டை போடுவதுபோலத்தான் சொல்வார்கள். வந்த முதல் வருஷம் முழுக்க அவள் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டே இருந்தாள். சிலிண்டருக்குப் பயம், மின்வயருக்குப் பயம், பிள்ளை தூக்கத்தில் மூச்சுவிடுகிறதா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிற பயம். அவளுக்குப் பயமில்லாத ஒரே சாமான் புருஷனின் பழைய போன், அதில் இருந்த கால்பந்து விளையாட்டு. அவள் மசக்கையில் படுத்துக்கிடந்த மாதங்களில் ததேயுஸ் அதைச் சொல்லிக்கொடுத்தான். அவன் கோல்கீப்பர், ஊர் அணிக்கும் அவன்தான் கோல்கீப்பர், போனிலும் அவனுக்குக் கோலைக் காப்பதுதான் பிடிக்கும். பெனால்ட்டி அடிக்கிறது அவள் வேலை. அவள் எப்போதும் அவனுடைய வலப்பக்கம் அடிப்பாள், அவன் எப்போதும் இடப்பக்கமே பாய்வான். மைதானத்திலும் அப்படித்தான், பத்து வருஷமாக இடப்பக்கம் மட்டுமே பாய்ந்தவன். ஏன் அத்தான் வலப்பக்கம் ஒருதரம் பாயக்கூடாதா என்று கேட்டால், உடம்பு கேட்காது பிள்ளே என்பான்.

படகு திரும்ப வேண்டிய நாள் தாண்டி ஒரு வாரமாயிற்று. வயர்லெஸ்ஸில் பதிலில்லை. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அடுக்களை விரிசல் வாய் திறந்தது.

முதலில் யாரோ கிளாரினெட்டை ஊதிப் பார்க்கிற சத்தம். அப்புறம் டிரம், அப்புறம் பந்து தரையில் குதிக்கிற தும் தும், அப்புறம் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்து விடுகிறதுபோல ஒரு ஆரவாரம். பிரிஸ்கா ஜன்னலைத் திறந்து பார்த்தாள். மைதானத்தில் இரண்டு ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஜன்னலைச் சாத்தினாள், சத்தம் உள்ளேயே இருந்தது. பயந்தவர்கள் செய்வதைத்தான் அவளும் செய்தாள். புருஷன் தொடாதே என்ற மூட்டையைப் பிரித்து, பிள்ளையின் பால்பவுடர் டப்பாவில் சிமெண்டைக் குழைத்து, கோணலும் மாணலுமாக, விரல் ரேகையெல்லாம் பதிய, விரிசலை அடைத்தாள். சத்தம் நின்றது. மறுநாள் நாலு மணிக்கு அவள் வீட்டுக் கதவு இடிபட்டது.

பக்கத்து வீட்டு வியாகுலம் நின்றிருந்தாள். மீன்சந்தையில் தராசைப் பிடித்துப் பிடித்து வலது தோள் இடது தோளைவிடத் தாழ்ந்துபோன மனுஷி.

"எட்டி பிரிஸ்கா, ஒங்க வீட்டுக் கீறல எங்க வீட்டுக்கு அனுப்பிவிட்டிருக்கியே. உள்ளுக்க ஒருத்தன் நின்னு பேசுகான், நிறுத்தவே மாட்டேங்கான். வந்து கேளு."

அப்படித்தான் பிரிஸ்கா முதல்முறையாக இன்னொரு வீட்டு அடுக்களைக்குள் போனாள். அங்கே, அதே ஜன்னல் மூலையில், அதே சாய்வில், அதே விரிசல். உள்ளேயிருந்து திருவிழாக் கால்பந்தின் சிறப்பு விருந்தினர், விளையாட்டு இளைஞர்களை நல்வழிப்படுத்துகிறது என்று ஆரம்பித்து ஆறஅமரப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சில் நூற்றிரண்டாம் ஆண்டுத் திருவிழாவின் இறுதிப் போட்டி என்ற வார்த்தை வந்தது. நூற்றிரண்டு என்றால் இந்த வருஷம். திருவிழாவுக்குக் கொடியேறவே இன்னும் மாதம் கிடந்தது. வியாகுலம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நடக்கப் போகிறதைச் சுவர் முன்னாலேயே சொல்கிறது, சொல்லட்டும். ஆனால் தனக்கு மட்டும் சிறப்பு விருந்தினர் உரையா என்பதுதான் அவளுடைய வருத்தம்.

கொத்தனார் சிலுவைதாசனைக் கூப்பிட்டு அடைத்தார்கள். அடைபடவில்லை, சாந்து மாவுபோல உதிர்ந்தது. இரண்டுமுறை அடைத்தும் உதிர்ந்தது. கடைசியில் வியாகுலம், ஆரம்பித்தவள் கையால்தான் இது போகும் என்று பிரிஸ்காவைக் கூட்டிவந்து கரண்டியைக் கொடுக்க, அவள் பூசிய கோணல் பூச்சு கல்லாகப் பிடித்துக்கொண்டது. மறுநாள் விரிசல் மூன்றாம் வீட்டில் இருந்தது. அதற்குப் பிறகு ஒழுங்கு எல்லாருக்கும் விளங்கிவிட்டது. அடைத்தால் அடுத்த வீட்டுக்குப் போகும், மைதானத்தை நோக்கித்தான் போகும், ஆட்டத்தில் விட்ட இடத்திலிருந்து பாடும், தினமும் நாலு மணிக்கு அந்த வீட்டின் பங்கை மட்டும் பாடிவிட்டு அடங்கும். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, யார் முறை என்றுதான் கேட்டார்கள். மே மாதத்தில் மாதா சுரூபம் வீடு வீடாக எழுந்தருளும்போது செய்வதையே இதற்கும் செய்தார்கள். முறைக்காரர் சுவருக்கு வெள்ளையடித்தார், வாசலில் நாற்காலி போட்டார், வந்தவர்களுக்குத் தேயிலையும் பருப்புவடையும் கொடுத்தார். பங்குச் சாமியார் ஒருநாள் வந்து சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, விசுவாசத்துக்கு விரோதமாக இதில் ஒன்றுமில்லை, கிளாரினெட் மட்டும் அரைச் சுருதி இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். பேண்டு வாசிக்கிறவர்கள் அன்றே பயிற்சி ஆரம்பித்தார்கள்.

மூன்றாம் வீடு மைக்செட் பங்கிராஸுடையது. முப்பது வருஷமாகத் திருவிழா ஆட்டங்களுக்கு வர்ணனை சொல்கிறவர். தன் வீட்டுச் சுவருக்குள்ளிருந்து தன் குரலே கேட்டதும் அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். அணிகளின் பெயர்களை வாசிக்கிற கட்டம் அது. எதிரணி இலந்தைவிளைக்காரர்களை வாசித்து முடித்துவிட்டு, சுவருக்குள் இருந்த பங்கிராஸ் தொண்டையைச் செருமி, நமது கொன்னைத்துறை அணியின் காவல் அரண், கோல்கீப்பர், ததேயுஸ் என்றார்.

வடைத்தட்டு அப்படியே நின்றது. பிரிஸ்கா இடுப்பில் இருந்த பிள்ளையை இறுக்கிப் பிடித்ததில் அது அழுதது. வியாகுலம்தான் முதலில் பேசினாள். கேட்டியா, வாறான், திருவிழாவுக்குள்ள வாறான் என்று சொல்லி, தாழ்ந்த தோளால் அவளை அணைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து பிரிஸ்கா விரிசலின் பின்னாலேயே போனாள். அவன் பெயர் எங்கே இருக்கிறதோ அங்கேதானே அவள் இருக்க முடியும். பூசுவதற்கு அவள் கைதான் வேண்டும் என்பதால் வரிசைக்கு அவள் இல்லாமல் தீராது என்றும் ஆயிற்று. பிள்ளையை ஒரு இடுப்பில் வைத்துக்கொண்டு, கரண்டியை மறு கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வீடு போனாள். போன வீட்டில் ஒரு குழாய் சொட்டும், கையிலே கரண்டி இருக்கிறதே என்று அதையும் பார்க்கச் சொல்வார்கள், அவளும் வாசரை மாற்றிப் பார்ப்பாள், நின்றுவிடும். ஒரு வீட்டில் ஃபியூஸ் போயிருக்கும். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஜெபத்தை முணுமுணுத்து மாட்டுவாள், விளக்கு எரியும். பயம் போகவில்லை. பயத்தோடேயே கை வேலை செய்யும் என்று அவள் கண்டுகொண்டாள், அவ்வளவுதான். தன் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாளையும் மின்விசிறியையும் மட்டும் தொடவில்லை. அவை அவன் பங்கு.

நாலாம் வீட்டில் கொன்னைத்துறை முதல் கோலைப் போட்டது. அந்த வீட்டுக்காரர்கள் விரிசலை விட மனமில்லாமல் நாள்கணக்கில் வைத்துக்கொண்டு, வெளியூர்ச் சொந்தக்காரர்களை எல்லாம் அழைத்துக் கோலைக் கேட்கவைத்தார்கள். கோல் அடிக்கப் போகிறவன் என்று சுவர் பெயர் சொன்ன பையனுக்குப் பெண் கொடுக்க ஆள் வந்தது. ஐந்தாம் வீட்டில் இலந்தைவிளை திருப்பி அடித்தது, அந்த வீட்டுக்காரர் பிரிஸ்காவை உடனே வரவழைத்து, மூஞ்சியைத் திருப்பிக்கொண்டே பூசச் சொன்னார். ஆறாம் வீட்டில் நம்முடைய இரண்டாவது கோல். அங்கே வெடி வெடித்து, பொங்கலிட்டு, பேண்டு வாசித்தார்கள். இதற்கிடையில், தேடப் போன கப்பல் திரும்பி வந்தது. பார்த்த வரையில் படகு இல்லை என்று சொன்னார்கள், எண்ணெய்ப் படலமும் இல்லை, பலகையும் இல்லை என்றார்கள். ஊரில் யாரும் அழவில்லை. கோயிலில் பூசை வைக்கலாமா என்று கேட்ட வெளியூர்க்காரரிடம், எதற்கு, அவர்கள்தான் ஆட்டத்துக்கு வருகிறார்களே என்றார்கள்.

ஏழாம் வீட்டில் ஆட்டம் கடைசி நிமிஷத்துக்கு வந்தது. இரண்டுக்கு ஒன்று நாம் முன்னால். இலந்தைவிளைக்குப் பெனால்ட்டி. தடுத்தால் கோப்பை. சுவரைச் சுற்றி மூச்சுவிட இடமில்லாமல் ஆட்கள். உள்ளே பங்கிராஸின் குரல் கட்டையாகி, பந்து வைக்கப்பட்டதையும் ஆள் பின்னால் போனதையும் சொல்லி, ஓடி வருகிறார், அடிக்கிறார், ததேயுஸ் தன் வலப்பக்கம் பாய்... என்றது. அந்தப் பாதி வார்த்தையில் டக்கென்று ஒரு சத்தத்தோடு குரல் அறுந்துபோனது. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

ஆட்கள் கூச்சலிட்டார்கள். பாய்ந்தான் என்றால் பிடித்தான் என்றுதானே அர்த்தம் என்றார்கள். பிரிஸ்கா மட்டும் சுவரோடு ஒட்டி நின்றாள். வலப்பக்கம். அவன் வலப்பக்கம் பாய்வதில்லை. போனில் நூறு பெனால்ட்டி அவள் அந்தப் பக்கம் அடித்திருப்பாள், நூறும் கோல். அவன் உடம்பு அந்தப் பக்கம் கேட்காது. அப்படியானால் பாய்ந்தது யார்? இறந்தவன் பெயரை மரியாதைக்கு ஏற்றுக்கொண்டு அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிற வேறொருவனா? பங்கிராஸ் வருத்தத்தில் பெயரை மாற்றிச் சொல்கிறாரா? ஊரே சிரித்துக்கொண்டிருக்கையில் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், நெடுநாளைக்குப் பிறகு கதவை உள்ளே தாழிட்டாள்.

வியாகுலம் கதவைத் தட்டி விஷயத்தை வாங்கினாள். கேட்டுவிட்டு, வழக்கமில்லாமல், மெதுவாகப் பேசினாள். மிச்சம் எட்டாம் வீட்டிலதான் இருக்கு, வா போவோம் என்றாள்.

எட்டாம் வீட்டில்தான் சிக்கல். அது லில்லிபாயின் வீடு. அவள் புருஷன் கஸ்பார், காணாமல்போன அதே படகின் டிரைவர். அந்த வீட்டின் கடைசிச் சுவர் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றது, வருஷம் முழுக்க அதில் பந்து மோதும், வருஷம் முழுக்க லில்லிபாய் வெளியே வந்து திட்டுவாள். விரிசல் கிளம்பின நாளிலிருந்து அவள் ஒரு வீட்டுக்கும் கேட்க வரவில்லை. தன் வீட்டுக்கு வரக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள், வீட்டுக்காரி சம்மதிக்காமல் அனுப்புவது முறையில்லை. பிரிஸ்கா வாசலில் வந்து நின்றபோது அவள் உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள், அத்தனையும் ஆண்பிள்ளைச் சட்டைகள், உடுத்தாமலே துவைத்துத் துவைத்து நிறம் போனவை.

"ஏழு வீட்டிலயும் ஒம் மாப்பிள்ள பேருதான் வந்துது," என்றாள் லில்லிபாய், தலையைத் தூக்காமல். "எங்காளு பந்து வெளையாடமாட்டாரு. அவரு பேர மைக்கில எதுக்குச் சொல்லுவான்? எட்டாவது வீட்டிலயும் கேட்டுட்டு, அங்கயும் இல்லன்னா நான் எங்க போவேன், சொல்லு."

பிரிஸ்காவுக்குச் சமாதானம் சொல்லத் தெரியவில்லை. தன் பயத்தைத்தான் சொல்லத் தெரிந்தது. வலப்பக்கத்தைச் சொன்னாள், போன் விளையாட்டைச் சொன்னாள், உடம்பு கேட்காது பிள்ளே என்று அவன் சொன்னதைச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, எனக்கும் இனிக் கேட்கப் பயமாய்த்தான் இருக்கிறது அக்கா, தனியாகக் கேட்க முடியாது, இரண்டு பேருமாய்க் கேட்போம் என்றாள். லில்லிபாய் கடைசிச் சட்டையை மடித்து அடுக்கின்மேல் வைத்தாள். பிறகு நகர்ந்து, சுவருக்குப் பக்கத்தில் ஒரு பாயை விரித்தாள்.

அன்றே பிரிஸ்கா ஏழாம் வீட்டு விரிசலை அடைத்தாள். மறுநாள் நாலு மணிக்கு அந்தப் பாயில் இரண்டு பேரும் நடுவில் பெர்னாவும் மட்டும் இருந்தார்கள். வியாகுலம் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து ஒருவரையும் உள்ளே விடவில்லை. எட்டாம் வீட்டு விரிசலில் பங்கிராஸின் குரலே இல்லை. மைக் செத்துப்போயிருந்தது. வெறும் கூட்டம், கடல் புரள்கிறதுபோல ஒரு பேரிரைச்சல், அது கோலுக்குப் போட்டதா பிடித்ததற்குப் போட்டதா என்று சொல்ல முடியவில்லை. அதற்கு மேலே பேண்டு, கிளாரினெட் இப்போது சுருதி சேர்ந்து உச்சியில் நின்றது. நாலு குரலில் பாடிப் பழகினவளுக்கு ஒரு குரலை விலக்கி இன்னொன்றைக் கேட்கத் தெரியும். பிரிஸ்கா கண்ணை மூடிக்கொண்டு முதலில் கிளாரினெட்டை விலக்கினாள், பிறகு டிரம்மை, பிறகு கூட்டத்தை. அடியில் ஒரு விசில் இருந்தது. இரண்டு விரலை வாயில் வைத்து அடிக்கிற விசில், இரண்டு குட்டை, ஒரு நீளம், நீளத்தின் முடிவில் காற்று ஓட்டைப் பல்லில் சிக்கி ஒரு சீறல். அவள் லில்லிபாயின் கையைப் பிடித்து, டிரம் ஓய்கிற இடம் வந்ததும் அழுத்தினாள்.

லில்லிபாய் அதைக் கேட்டாள். எட்டு வருஷமாகக் கஸ்பாரின் அந்த விசில், படகு கரைக்கு வரும்போதெல்லாம் அவளைக் கூப்பிட்டிருக்கிறது. அவள் எழுந்துபோய், அடுக்கி வைத்த சட்டைகளில் ஒன்றை எடுத்து உதறி, வாசலில் கொடியில் போட்டாள், வருகிறவருக்கு வெயில் மணத்தோடு கிடைக்கட்டும் என்று. வியாகுலம் அதைப் பார்த்துவிட்டு எழுந்து தெருவில் இறங்கினாள். அன்று ராத்திரி வரை கொன்னைத்துறையில் அவள் குரல்தான். மறுநாள் பிரிஸ்கா எட்டாம் வீட்டு விரிசலையும் பூசினாள், அடுத்த வீடு இல்லாததால் அது அதோடு அடங்கியது.

சாமியார் ஒரே ஒரு கட்டளை போட்டார். வருகிறவனிடம் பெனால்ட்டியைப் பற்றியோ பக்கத்தைப் பற்றியோ ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. சுவர் சொன்னதால் பாய்ந்தான் என்று நாளைக்குக் கோப்பையில் ஒரு கறை இருக்கக்கூடாது.

இறுதிப் போட்டி நாள் விடிகையில் படகு வந்தது. வேறொரு படகு கட்டி இழுத்து வந்தது. இன்ஜின் தண்டு முறிந்து, பேட்டரி செத்து, நீரோட்டத்தில் திக்கில்லாமல் மிதந்து, மழையைக் குடித்து, பிடித்த மீனைக் காயவைத்துத் தின்று, ஏறின அத்தனை பேரும் இறங்கினார்கள். கஸ்பார் கரையைக் கண்டதும் விரலை வாயில் வைத்தான், உதடு வெடித்திருந்ததால் விசில் வரவில்லை. சாயங்காலம் வந்துவிடும் என்று லில்லிபாய் சொன்னாள், அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ததேயுஸ் பாதியாகிப் போயிருந்தான், தாடிக்குள் கண் மட்டும் இருந்தது. பெர்னா அவனை அடையாளம் தெரியாமல் பார்த்தது, பிறகு தாடியைப் பிடித்து இழுத்தது. அணிக்காரர்கள் வாசலில் கூடி, மாற்று ஆள் இருக்கிறான், நீ படு என்றார்கள், எல்லாருடைய கண்ணும் மட்டும் வேறு சொன்னது. அவன் மனைவியைப் பார்த்தான்.

"நான் நிக்கட்டா?"

வழுக்குகிற தரையில்கூட அவனைக் கவனமாக நடக்கச் சொல்கிறவள் அவள். வலப்பக்கம் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது, அதை விழுங்கினாள்.

"சோறு தின்னுட்டு நில்லுங்க அத்தான்."

ஆட்டம் சுவர் சொன்னபடியே நடந்தது, ஊரார் அதைத் தெரிந்த பாட்டுக்கு வாயசைப்பதுபோல் பார்த்தார்கள். சிறப்பு விருந்தினர் பேசும்போது வியாகுலம் ஒவ்வொரு வரியையும் அவருக்கு அரை நொடி முன்னால் சொல்லிக்கொண்டிருந்தாள். முதல் கோலுக்கும் இரண்டாம் கோலுக்கும் ஏற்கெனவே சந்தோஷப்பட்டிருந்தும் இன்னொருமுறை சந்தோஷப்பட்டார்கள். பெனால்ட்டி வந்தது. அதற்கு மேல் யாருக்கும் பாட்டுத் தெரியாது. பந்துக்கும் எட்டாம் வீட்டுச் சுவருக்கும் நடுவில் ததேயுஸ் நின்றான், சட்டை அவன்மேல் கொடியில் தொங்குகிறதுபோல் தொங்கியது. பிரிஸ்கா பிள்ளையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொள்ளப் போனாள், பிறகு வேண்டாம் என்று நிமிர்ந்து பார்த்தாள்.

பங்கிராஸ் இந்த இடத்தில் வேறு மாதிரி, இன்னும் அழகாகச் சொல்ல வேண்டும் என்று வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்திருந்தார். வாயில் வந்தது அதே வார்த்தைதான். ஓடி வருகிறார், அடிக்கிறார், ததேயுஸ் தன் வலப்பக்கம் பாய்... என்றபோது அவரே துள்ளி எழுந்ததில் கால் வயரில் சிக்கி, டக்கென்று மைக் பிடுங்கிக்கொண்டு போனது.

ததேயுஸ் வலப்பக்கம் பாய்ந்தான். பத்து வருஷம் கேட்காத உடம்பு, சோறில்லாமல் காற்றாகிப் போன உடம்பு, அந்தப் பக்கம் ஒரு முழத் துணிபோலப் பறந்தது, விரல் நுனியில் பந்து பட்டது, பந்து கம்பத்தை உரசி எட்டாம் வீட்டுச் சுவரில் போய் மோதி நின்றது. அப்போது எழுந்த இரைச்சலில் கடல் இருக்கிற திசை தெரியவில்லை. பேண்டு எழுந்தது, கிளாரினெட் உச்சியில் நின்றது, லில்லிபாயின் வாசலிலிருந்து இரண்டு குட்டையும் ஒரு நீளமுமாக, சீறலோடு, ஒரு விசில் வந்தது. லில்லிபாய் அன்றைக்குத் தன் சுவரில் பந்து மோதினதற்குத் திட்டவில்லை.

கோப்பையோடு ஊரைச் சுற்றி, தோளில் ஏற்றினவர்கள் இறக்கிவிட்ட பிறகு, அவன் வீட்டுக்கு வந்து தரையில் கால் நீட்டி உட்கார்ந்தான். பிரிஸ்கா அதைக் கேட்டாள்.

"வலப்பக்கம் எப்படிப் பாஞ்சீங்க?"

"படகில வேற என்ன வேல இருந்துது? போன் செத்துப்போச்சு. கண்ண மூடிக்கிட்டு ஒங்கூட மனசுக்குள்ள வெளையாடிக்கிட்டே கிடந்தேன். நீ வலப்பக்கமே அடிச்ச. ஒவ்வொரு தடவையும் வலப்பக்கமே அடிச்ச." அவன் சிரித்தான், உதட்டில் ரத்தம் துளிர்த்தது. "ஒரு நாளு நானும் அந்தப் பக்கம் விழுந்தேன். பிடிச்சுட்டேன். அண்ணைக்கே கரைக்கு வந்துருவோம்னு தெரிஞ்சு போச்சு."

அவள் அவன் உதட்டை முந்தானையால் ஒற்றினாள். அவன் எழுந்து, பெர்னாவைத் தோளில் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போய், சொன்ன வேலை ஞாபகம் வந்து, சுவரைப் பார்த்தான். விரல் ரேகையெல்லாம் பதிந்து, எருமை நாக்கால் நக்கினதுபோல ஒரு பூச்சு. இது யார் பூசினது என்றான். நான்தான், எட்டு வீட்டுக்கும் நான்தான் என்றாள் அவள், கொஞ்சம் நிமிர்ந்துகொண்டே. அவன் அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான், பிடித்திருந்தது, கல்லாகப் பிடித்திருந்தது. அழகாக இல்லை, கொத்திவிட்டு நன்றாகப் பூசிவிடலாம் என்று கரண்டியைக் கேட்டான்.

கொடுக்கப் போனவள் நின்றாள். அவளுடைய பழைய பூச்சுக்கு ஒரு விரல் தள்ளி, புதிதாக, தலைமுடி அகலத்தில் ஒன்று இறங்கியிருந்தது. இருவரும் காதை வைத்தார்கள். வெகு தூரத்தில், பந்து தரையில் குதிக்கிற சத்தம், சிறு பெண்பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கத்திக் கூப்பிடுகிற சத்தம். பெயர் ஒன்றும் இன்னும் தெளிவாக வரவில்லை. அவன் தோளில் இருந்த பெர்னா கையை நீட்டிச் சுவரைத் தட்டியது.

பிரிஸ்கா கரண்டியைக் கழுவித் துடைத்து, ஆணியில் மாட்டினாள். குளியலறைத் தாழ்ப்பாளைப் போய்ப் பாருங்கள் என்று அவனை அனுப்பினாள். பிறகு தாழிடாமல் திறந்துகிடந்த வாசலுக்கு வந்து, அலையை மீறிக் கேட்கிற குரலில், பக்கத்து வீட்டைக் கூப்பிட்டாள்.

"வியாகுலம் அக்கா, சுவர் மறுபடி பாடுது. வடைக்குப் பருப்பு ஊறப்போடுறேன், எல்லாரையும் வரச்சொல்லுங்க. ஆனா ஒண்ணு, இத இப்போ அடைக்கமாட்டேன். இது கொஞ்ச காலம் எங்க வீட்டிலயே இருக்கட்டும்."